அந்தத் தெருவில் ஆட்கள் இருந்தார்கள்

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, பினாங்கு லெபு பாசாரில் மாலை ஏழு மணிக்குமேல் ஒரு படம் எடுத்தேன். பழைய தலைமுறைத் தமிழர்கள் இன்னும் கடைத்தெரு என்றே சொல்லும் அந்தத் தெருவைத் தீபாவளி வாரத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யார் தோளிலும் இடிக்காமல் பத்தடி நடக்க முடியாது. சேலைக் கடை வாசலில் கும்பல், முறுக்கு மேசைக்கு முன்னால் கும்பல், நடுத்தெருவில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வழி தேடும் அப்பாக்கள். முக்காலியை யாரும் தட்டிவிடாமலிருக்க இரண்டு கைகளையும் விரித்து வேலி போல நின்றேன். வீட்டுக்கு வந்து ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் தெருவில் ஒருவர்கூட இல்லை.

அது ஊசித்துளைக் கேமரா. லென்ஸ் கிடையாது. ஒரு மரப்பெட்டி, முன்பக்கம் மெல்லிய பித்தளைத் தகடு, அதில் 0.3 மி.மீ. அளவில் ஒரு துளை, துளைக்கு 50 மி.மீ. பின்னால் ஃபிலிம். அவ்வளவுதான். துளையை மூடியிருக்கும் மரத்துண்டை நகர்த்தினால் வெளிச்சம் உள்ளே வரும். திரும்ப மூடும்வரை வந்துகொண்டே இருக்கும். அன்று ஐந்தரை நிமிடம் திறந்து வைத்திருந்தேன்.

படம் அழகாகத்தான் இருந்தது. வரிசையான கடைவீடுகள், மேலே தோரணம், விளக்குச் சரங்கள், கீழே கழுவிவிட்டது போன்ற வெறும் சாலை. ஒரு சிறு கண்காட்சியில் வைத்தேன். இணையத்திலும் போட்டேன். இரண்டு ஆண்டு கழித்து, பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைத்தெருக்களைப் பற்றிய ஓர் உரைக்குப் போயிருந்தபோது அதே படம் திரையில் வந்தது. பேசியவர் அந்த வெறும் சாலையைச் சுட்டிக்காட்டி, இந்தியர் வணிகம் அடங்கிப்போனதற்கு இது சாட்சி என்றார். அரங்கில் பலர் வருத்தத்தோடு தலையசைத்தார்கள். எழுந்து நின்று திருத்தினேன். ஆனால் அவர்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தின் கீழே எவ்வளவு நேரம் என்று எழுதாமல் விட்டவன் நான்.

பழங்கட்டடங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்துவது என் தொழில். ஓய்வு நாள்களில் ஊசித்துளைக் கேமரா செய்யவும் பயன்படுத்தவும் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். அந்த உரைக்குப் பிறகு என் வகுப்பு மாறிவிட்டது. துளை போடுவதைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், இந்தப் பெட்டி யாரையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 50 மி.மீ. தூரத்தை 0.3 மி.மீ. துளையால் வகுத்தால் ஏறக்குறைய 160. துளையின் அளவைச் சொல்லும் இந்த எண்ணை எஃப் 160 என்பார்கள்; எண் கூடினால் துளை சிறிது. சாதாரணக் கேமராவில் எஃப் 16 என்பதே சிறிய துளை. இது அதைவிடப் பத்து மடங்கு குறுகலானது, பரப்பில் நூறு மடங்கு சிறியது. துளையைப் பெரிதாக்கினால் படம் மங்கும். சிறிதாக்கினாலும், ஒளி துளையின் விளிம்பில் வளைந்து விரிவதால், மங்கும். இரண்டுக்கும் நடுவில் 50 மி.மீ. பெட்டிக்குப் பொருந்துவது 0.3 மி.மீ. அளவுதான். அன்று மாலை, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் எஃப் 16க்கு ஒரு வினாடி காட்டியது. அப்படியானால் என் பெட்டிக்கு 100 வினாடி.

நூறு வினாடியில் மூடியிருந்தால் படம் வந்திருக்காது. வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரண்டு மடங்காக்கு என்ற விதி ஃபிலிமில் ஒரு வினாடிவரைதான் சரியாக நடக்கும். ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புப் படிகம் ஒன்று ஒளியை நினைவில் வைக்க வேண்டுமானால், சில ஒளித்துகள்கள் அடுத்தடுத்து அதன்மேல் விழ வேண்டும். முதல் துகள் உண்டாக்கும் வெள்ளி அணு தனியாக நிற்காது; துணைக்கு அடுத்தது சீக்கிரம் வராவிட்டால் கரைந்து பழைய நிலைக்கே போய்விடும். ஊசித்துளை வழியாக வரும் வெளிச்சமோ சொட்டுச் சொட்டாக வருகிறது. பாதிக்குமேல் வீணாகிறது. அதனால் மீட்டர் சொல்லும் நேரத்தை இன்னும் நீட்ட வேண்டும். அன்று நான் போட்டிருந்த எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு, அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட் நிறுவனம் மீட்டர் காட்டும் வினாடியை 1.26 அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறது. 100 வினாடி 331 ஆகிறது. எச்பி5 பிளஸுக்கு அந்த எண் 1.31, அங்கே 100 வினாடி 417 ஆகிவிடும். ஃபோமாபான் 100 இன்னும் கடுமை: 100 வினாடிக்குப் பதினாறு மடங்கு, அதாவது ஏறக்குறைய 27 நிமிடம். வகுப்பில் நெகட்டிவ் வெளிறி, படம் இருண்டு வந்தால் முதல் காரணம் எப்போதும் இதுதான். ஃபிலிம் பெட்டியோடு வரும் தாளையோ தயாரிப்பாளரின் தரவுத்தாளையோ ஒருமுறை படியுங்கள்.

இப்போது அந்த 331 வினாடிக்குள் நடந்து போகிறவரைப் பாருங்கள். சாதாரண நடையில் ஒருவர் ஒரு வினாடிக்கு ஒரு மீட்டருக்குமேல் கடக்கிறார். அவர் உடம்பின் அகலம் அரை மீட்டர். பின்னாலிருக்கும் சுவரின் ஏதாவது ஒரு புள்ளியை அவர் மறைப்பது அரை வினாடிக்கும் குறைவு. மீதி 330 வினாடியும் அந்தப் புள்ளி தன் வெளிச்சத்தை ஃபிலிமுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அறுநூற்றில் ஒரு பங்குக்காக ஃபிலிம் என்ன செய்யும்? அவர் வந்துபோனது அதில் ஏறவே ஏறாது. பெரிய கும்பலாக இருந்தால் ஒரு தடயம் மிஞ்சும். என் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர்களும் பலகைகளும் கூர்மையாக இருக்க, சாலையின் தரையும் அதற்கு மேலே ஓர் ஆள் உயரமும் மட்டும் பஞ்சு போர்த்தியதுபோல் மழமழப்பாக இருந்தன. அந்த மழமழப்புதான் கும்பல்.

இன்னொன்றை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. நடப்பவர்கள் மறைவது எல்லோரும் சொல்வது. உட்கார்ந்திருப்பவர்களும் மறைகிறார்கள். நம் கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை ஓடுகிறது. காக்கி லீமா என்று மலாயில் சொல்வார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி அங்கேதான் மனிதர்கள் உண்மையில் வாழ்கிறார்கள்: பூ கட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், வியாபாரம் பேசிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். அந்த இடம் நிழல். வெளிச்சம் குறையக் குறைய ஃபிலிமின் மறதியும் கூடுகிறது. தெருவைவிட எட்டு மடங்கு இருட்டான நிழல், எஃப்பி4இல் சரியாகப் பதிய எட்டு மடங்கு நேரம் போதாது, ஏறக்குறைய 14 மடங்கு வேண்டும். நாம் தெருவுக்குக் கணக்குப் போட்டு மூடிவிடுகிறோம். நடைபாதை கறுப்புப் பட்டையாக வருகிறது. அதற்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களும் அந்தக் கறுப்போடு போய்விடுகிறார்கள்.

உடையின் நிறமும் இதில் பேசுகிறது. இருண்ட கடைவாசலுக்கு முன்னால் வெள்ளை வேட்டியோடு ஒருவர் அரை நிமிடம் நின்றால் போதும். வாசலைவிட அவர் வேட்டி பல மடங்கு பிரகாசம் என்பதால் புகைபோல் ஓர் உருவம் பதிந்துவிடும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்புச் சட்டையோடு அதே அரை நிமிடம் நின்றவர், சுவரின் வெளிச்சத்தில் பதினொன்றில் ஒரு பங்கைத்தான் தடுத்திருப்பார். கண்ணுக்கே தெரியாது. இரவில் மோட்டார் சைக்கிளின் விளக்கு கோடாக நீளும், ஓட்டியவர் இருக்கமாட்டார். ஆகவே இந்தப் பெட்டி எல்லோரையும் ஒரே கண்ணோடு பார்க்கிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இது புதிய செய்தியும் அல்ல. 1838இல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் தம் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய சாலையைப் படமெடுத்தார். அவர் கேமராவில் லென்ஸ் இருந்தது; ஆனால் தகடு மெதுவானது, சில நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டியிருந்தது. வண்டிகளும் மக்களும் நிறைந்த அந்தச் சாலை படத்தில் காலியாக இருக்கிறது. ஓரத்தில் ஒரே ஒருவர், காலைத் தூக்கி வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். மறு ஆண்டு அந்தப் படங்களைப் பார்த்த சாமுவேல் மோர்ஸ், தந்தி முறையோடு நாம் பெயர் சேர்த்துச் சொல்லும் அதே மோர்ஸ், இந்த விநோதத்தைத் தம் சகோதரருக்கு எழுதினார்: எப்போதும் நெரிசலாக இருக்கும் சாலை, பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவரைத் தவிர, ஆளே இல்லாமல் இருக்கிறது என்று. அவர் சொன்னவரைத் தாண்டியும் பார்க்க வேண்டும். காலை நீட்டி நின்ற கனவான் தெளிவாக இருக்கிறார். குனிந்து அவர் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் மங்கிப்போயிருக்கிறார்.

லெபு குவீனில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி மாலை கட்டும் ஒருவரை நான் படமெடுத்திருக்கிறேன். நிழலுக்கென்றே தனியாகக் கணக்குப் போட்டு, தெரு வெளுத்துப்போனாலும் போகட்டும் என்று எடுத்த படம். அவர் முகமும் தோளும் வந்தன. முன்னால் தொங்கிய சாமந்தி மாலைகள் ஒவ்வொரு இதழாக வந்தன. கைகள் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுழல். பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் இருக்கிறது தம்பி, என் கையைத்தான் காணவில்லை” என்றார். நாற்பது ஆண்டாகக் கட்டும் கை. அன்று இரவே அவருடைய கைகளை மட்டும் சாதாரணக் கேமராவில் எடுத்து, இரண்டையும் ஒரே சட்டத்தில் போட்டுக் கொடுத்தேன். கடையில் அது மாட்டியிருக்கிறது.

நீண்ட நேரத்தின் அழகை நான் மறுக்கவில்லை. தைப்பூசத்தில் லெபு பினாங்கிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் போகும் வெள்ளித் தேர் ஒரு பந்தலின் முன் நின்றபோது, ஃபிலிமுக்குப் பதில் ஃபோட்டோ பேப்பரை வைத்து மூன்று நிமிடம் திறந்தேன். தேர் அசையவில்லை; வெள்ளி முழுக்கப் பதிந்தது. சுற்றிலும் மனிதர்கள் பாலாவிபோல் ஆகிவிட்டார்கள். சாலையில் சிதறிய தேங்காய்ச் சில்லுகள் மட்டும் நட்சத்திரம்போல் கிடந்தன. அந்தப் படத்தில் கூட்டம் இருப்பது பார்க்கும் எவருக்கும் தெரியும். அது பொய் சொல்லவில்லை.

இன்னும் நீண்டதும் உண்டு. ஃபோட்டோ பேப்பரை டின்னுக்குள் வைத்து ஆறு மாதம் கட்டிவைத்து, டெவலப்பரில் கழுவாமலே ஸ்கேன் செய்வார்கள். சூரியனின் பாதை நாளுக்கொரு கோடாக விழும். நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பினாங்கில் அந்தக் கோடுகள் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பயிற்சி. ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன்: கட்டட உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதாமல், கறுப்பு நாடா சுற்றிய டின்னைப் பொது இடத்தில் கட்டாதீர்கள். அது மற்றவர்களை அச்சுறுத்தும்.

தெருவை எடுக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் கொஞ்சம் கண்டிப்பானது. படம் எங்கே போனாலும் நேரம் கூடவே போக வேண்டும். பிரிண்டின் பின்னால் பென்சிலில், இணையத்தில் படத்துக்குக் கீழே: நாள், மணி, எவ்வளவு நேரம் திறந்திருந்தது. அதே முக்காலியில், அதே இடத்திலிருந்து, கைத்தொலைபேசியில் ஒரு சாதாரணப் படமும் எடுத்துச் சேர்த்து வையுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் நாளைக்கு யாராவது அந்தத் தெரு எப்படி இருந்தது என்று தேடும்போது அதுதான் வழக்கைத் தீர்க்கும். மனிதர்கள் வேண்டுமென்றால் நண்பகலில் போங்கள். வெளிச்சத்தைச் சீக்கிரம் பிடிக்கும் 400 ஐஎஸ்ஓ ஃபிலிமும் நல்ல வெயிலும் இருந்தால் எஃப் 160க்குக் கால் வினாடி போதும். கையால் மூடித் திறக்கும்போது ஒரு வினாடி ஆகிவிட்டாலும் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். நடப்பவர்கள் கலங்கலாகவாவது வருவார்கள். கடைக்காரரை எடுப்பதானால் கேளுங்கள். தூணில் முதுகைச் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள். நின்றபடி அரை நிமிடம் அசையாமலிருப்பது யாருக்கும் கடினம். நம்மூர்ப் பெரியவர்கள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பழகியவர்கள், சொன்னால் உடனே புரிந்துகொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சை விடலாம் என்று சொல்லிவிடுங்கள்.

படத்தை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கும், கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தெருவில் வணிகம் குறைகிறதா, குடும்பங்கள் வெளியேறுகின்றனவா என்பது முக்கியமான கேள்வி. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து இங்கே அடிக்கடி எழும் கேள்வியும்கூட. அதற்குக் கடைக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள், வாடகையைக் கேளுங்கள், பூட்டிய கதவுகளை எண்ணுங்கள். ஐந்தரை நிமிடம் திறந்திருந்த துளையிடம் அதைக் கேட்காதீர்கள்.

சென்ற தீபாவளிக்கு அதே இடத்தில் மறுபடி முக்காலி வைத்தேன். அதே பெட்டி, அதே ஃபிலிம், அதே 331 வினாடி. இந்த முறை என் மாணவி பக்கத்தில் நின்று, சட்டத்துக்குள் கடந்துபோகிறவர்களை நோட்டில் ஆளுக்கொரு கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். சாலை இந்தப் படத்திலும் வெறுமையாகத்தான் வந்திருக்கிறது. கோடுகளால் நிறைந்த அந்தப் பக்கத்தைக் கிழித்து, படத்துக்குப் பக்கத்திலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.