சூரணம் குணமாக்கவில்லை, புண் தானாகத்தான் ஆறியது

இந்த மாதத்தில் இப்படி என்னிடம் வரும் மூன்றாவது ஜோடி இது. மனைவிக்கு ஐந்தாம் மாதம். சிபிலிஸ் (பறங்கிப்புண்) என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை ரியாக்டிவ், அதாவது நோய் இருக்கலாம். கணவரை வரச் சொல்லியிருந்தோம். பைக் மெக்கானிக். உள்ளங்கையில் செம்பு நிறத்தில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. "கிரீஸ் அலர்ஜி சார்" என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலிலும் அதே. காலால் யாரும் கிரீஸ் போடுவதில்லையே!

மெதுவாகக் கேட்டதும் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஆணுறுப்பில் ஒரு புண். வலியில்லை. யாரோ சொன்னார்கள் என்று பறங்கிப்பட்டைச் சூரணத்தைப் பாலில் கலந்து ஒரு மண்டலம் சாப்பிட்டிருக்கிறார். "சுத்தமா ஆறிடுச்சு சார், நல்லாக் கேட்டுச்சு."

ஆறத்தான் செய்யும். சூரணம் தின்றாலும் ஆறும், மோர் குடித்தாலும் ஆறும், சும்மா இருந்தாலும் ஆறும். சிபிலிஸின் முதல் புண் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானே மறைந்துவிடும். ஒரு மண்டலம் 48 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். போனது புண்தான், கிருமி ரத்தத்தில் இருக்கிறது. அடுத்து தடிப்பு வரும், அதுவும் தானே போகும். அப்போதும் பெயர் சூரணத்துக்கே. பிறகு வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. மூளையிலோ இதயத்திலோ கைவைத்த பிறகுதான் தெரியும்.

பறங்கிப்பட்டை 16-ஆம் நூற்றாண்டிலேயே பறங்கிப்புண்ணுக்குக் கொடுத்த சீன வேர். அன்று வேறு கதியில்லை. 1943-இல் பென்சிலின் கேட்கும் என்று தெரிந்துவிட்டது.

"லேப்ல நிரூபிச்சிருக்காங்க" என்று வாட்ஸ்அப்பைக் காட்டுவார்கள். வெட்டைநோய் (கொனோரியா) கிருமி லேப் தட்டில் ஏதோ இலைச்சாற்றுக்குச் செத்திருக்கலாம். பினாயிலுக்கும் சாகும், குடிப்பீர்களா? சிபிலிஸ் கிருமியையோ 2018 வரை முயலின் உடலில்தான் காப்பாற்றி வைத்திருந்தார்கள், லேப்பில் தொடர்ந்து வளர்க்கவே முடியவில்லை. மேகநோயை, அதாவது பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவருக்கு மட்டும் விலக்கு போலும். எனக்குத் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவர், இப்படிப் புண்ணோடு யார் வந்தாலும் நேரே என்னிடம் அனுப்பிவிடுவார்.

புண் வலிக்காவிட்டாலும் வாருங்கள். எதையும் அரைத்துப் பூசாதீர்கள், பூசினால் எங்களுக்கு அடையாளம் தெரியாது. அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது, இலவசம். கூச்சமாக இருந்தால் முதலில் 1097 எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஆரம்பக் கட்டத்தில் 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஒரே தடவை, புட்டத்துக்குப் பாதியாக. வலிக்கும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். துணையையும் கூட்டி வாருங்கள், நான் யாரையும் திட்டமாட்டேன்.

இருவருக்கும் அன்றே ஊசி போட்டாயிற்று. பிரசவத்துக்கு நான்கு மாதம் இருக்கிறது, குழந்தைக்கு அது போதும். போகும்போது அவர் கேட்டது: "சார், அரை டப்பா மிச்சம் இருக்கே, அதையும் சாப்பிட்டு முடிச்சிரட்டுமா?"