சுவரால் பெருக்கிய படம்

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் சுண்ணாம்பு உரிந்து, மழைநீர் வழிந்த கறையோடு பார்க்கவே சகிக்காது. ஆனால் என் கணினியில் நான் அதிகம் எடுத்தாளும் படம் அந்தச் சுவரின் படம்தான். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பதைக் கைபேசியில் எடுத்திருந்தேன். படம் வழவழவென்று, பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வந்திருந்தது. அதன் மேல் இந்தச் சுவரை ஏற்றியதும், பழைய காரைச் சுவரில் தீட்டிய சித்திரம்போல ஆகிவிட்டது. டெக்ஸ்ச்சர் போடுவது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டுகிற வேலை இது என்றுதான் முதலில் தோன்றும். ஒட்டினால் பாட்டி மறைந்துவிடுவார். சரி, சுவரைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால்? அப்போது மென்பொருள் இரண்டு படங்களுக்கும் சராசரி எடுக்கிறது. ஒவ்வொரு பிக்சலின், அதாவது படத்தை ஆக்கும் குட்டிப் புள்ளியின், வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கருப்பு, 255 வெள்ளை. சுவரின் எண் 200 என்றால், பாட்டியின் கருகருவென்ற புடவைக்கரை 0-விலிருந்து 100-க்கு ஏறிவிடும். வெள்ளை 255-லிருந்து 228-க்கு இறங்கிவிடும். கருப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. பலமுறை துவைத்த துணிபோலப் படம் வெளுத்துப் போகிறது.

அதனால்தான் சராசரியை விட்டுவிட்டுப் பெருக்குகிறார்கள். துடைப்பத்தால் அல்ல, வாய்ப்பாட்டால். ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற படத்திருத்த மென்பொருள்களில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களை லேயர் என்பார்கள். அந்த லேயர் பட்டியலுக்கு மேலே ‘மல்டிப்ளை’ என்று ஒன்று இருக்கும். அது மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. படத்தில் 150, சுவரில் 200 என்றால் விடை 118. சுவர் சுத்த வெள்ளையாக இருக்கும் இடத்தில் 150 அப்படியே நிற்கும். விரிசல் கருப்பாக இருக்கும் இடத்தில் படமும் கருப்பாகும். இரண்டு ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கில் காட்டினால் நடப்பதும் இதேதான். ‘ஸ்கிரீன்’ இதற்குத் தலைகீழ். எப்போதும் வெளுக்கத்தான் செய்யும். தூசி, கீறல், மழைத்துளி எல்லாம் கருப்புப் பின்னணியில் கிடைத்தால் அதற்கு ஸ்கிரீன் போதும்.

எல்லோருக்கும் பிடித்தது ‘ஓவர்லே’. கீழே இருக்கும் பிக்சல் இருட்டாக இருந்தால் மல்டிப்ளை போலவும், வெளிச்சமாக இருந்தால் ஸ்கிரீன் போலவும் நடந்துகொள்ளும் கலவை அது. இங்கே 128, அதாவது நடுச்சாம்பல், ஒன்றும் செய்யாது. படத்தில் 150 இருக்கும் இடத்தில் சுவர் 128 என்றால் 150-தான். சுவர் 200 என்றால் 210. சுவர் 50 என்றால் 86. ஆக, சுவர் இங்கே படமாகவே இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்று சொல்லும் கணக்கேடாகிவிடுகிறது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. சுவரின் நிறத்தை உறிஞ்சிச் சாம்பலாக்கிவிட்டு, அதன் சராசரி வெளிச்சத்தை 128 பக்கம் கொண்டுவந்துவிட்டால் படத்தின் நிறமும் வெளிச்சமும் பெரிதாகக் கெடாது. சொரசொரப்பு மட்டும் ஏறும்.

ஓவர்லேக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. கீழே சுத்த வெள்ளையாகவோ சுத்தக் கருப்பாகவோ இருந்தால் அங்கே எந்தக் கணக்கும் ஏறாது. வெளிறிய வானத்தில் டெக்ஸ்ச்சர் ஒட்டவே மாட்டேன் என்கிறதே என்று ஒரு மாலை முழுக்க நான் மல்லுக்கட்டியது இதனால்தான். வானத்துக்கு மட்டும் மல்டிப்ளை வைத்ததும் சுவர் எட்டிப் பார்த்தது.

அப்புறம் முகம். விரிசல் கன்னத்தில் ஓடினால் அம்மை வந்த தழும்புபோல இருக்கும். அழிப்பானை எடுக்காதீர்கள், லேயரின் எந்தப் பகுதி தெரியலாம், எது மறையலாம் என்று சொல்லும் மாஸ்க்கை அதற்குப் போட்டு, முகத்தின் மேல் மென்மையான கருப்புத் தூரிகையால் லேசாகத் தடவினால் அங்கே மட்டும் சுவர் பின்வாங்கும். மனம் மாறினால் வெள்ளையால் தடவித் திரும்பக் கொண்டுவரலாம். 1990-இல் வந்த முதல் ஃபோட்டோஷாப்பில் லேயரே கிடையாது, 1994-இல் 3.0 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னால் படத்தின் மேல் ஒன்றை வைத்தால் வைத்ததுதான்.

மென்பொருளைவிட முக்கியம், சுவரை எப்படி எடுக்கிறோம் என்பது. ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்தால் மேடு பள்ளம் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் தட்டையாகிவிடும். சாயங்கால வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மணலுக்கும் ஒரு குட்டி நிழல் கிடைக்கிறது. நமக்கு வேண்டியது அந்த நிழல்தான். படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் சுவரிலும் இடப்பக்கமிருந்தே வரட்டும். இல்லாவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும்.

இவ்வளவும் தட்டையான பரப்புக்குத்தான். மடிப்பு விழுந்த துணியில் ஒரு சின்னத்தைப் பதிக்க வேண்டுமென்றால் வெளிச்சத்தை மாற்றினால் போதாது, பிக்சல்களையே நகர்த்த வேண்டும். அதற்கு ஃபோட்டோஷாப்பில் ‘டிஸ்பிளேஸ்’ இருக்கிறது. துணியின் கருப்பு வெள்ளைப் படத்தை அதனிடம் கொடுத்தால், 128 இருக்கும் இடத்தில் அசையாமலும், அதற்கு மேலே ஒரு திசையிலும் கீழே எதிர்த் திசையிலுமாகப் புள்ளிகளைத் தள்ளும். இங்கேயும் அதே நடுச்சாம்பல்தான்.

கடைசியில் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். சுவரில் பாதியைக் காணோம். அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. சுருக்கும் ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கோப்பைச் சுருக்கும்போது நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத்தான் முதலில் கழித்துக்கட்டும். டெக்ஸ்ச்சர் என்பதே நுண்ணிய ஏற்ற இறக்கம்தானே. முழு அளவுக் கோப்பைக் கணினியில் திறந்து பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏண்டா, அந்தச் சுவத்துக்கு ஒரு தடவ வெள்ளையடிச்சிட்டு எடுத்திருக்கக் கூடாதா?”