ஹைப்போஸ்பேடியாஸ் ஆபரேஷன்: ஹார்மோன் ஊசி காப்பீட்டுல வராது, அந்த மாசங்கள்ல பேப்பரை ரெடி பண்ணுங்க

ஆண் குழந்தைக்கு ஒண்ணுக்கு போற ஓட்டை நுனியில இல்லாம கீழ்ப்பக்கம் இருக்கிறதுதான் ஹைப்போஸ்பேடியாஸ். பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ஒன்றரை வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுவாங்க. உறுப்பு ரொம்ப சின்னதா இருந்தா மட்டும் முன்னாடியே டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் ஊசி, மாசம் ஒண்ணுன்னு ரெண்டு மூணு டோஸ்.

முதலமைச்சர் காப்பீட்டுல ஆபரேஷன் ஃப்ரீன்னு சொல்லி அனுப்புவாங்க, ஊசியைப் பத்தி யாரும் வாய் திறக்க மாட்டாங்க. ஊசி ஓபியில போடுறது. இதோட சேர்ந்து நடக்குற மத்திய அரசோட ஆயுஷ்மான் காப்பீட்டு விதியில அட்மிஷனுக்கு முந்தின 3 நாள் செலவுதான் ஆபரேஷனுக்குத் தர்ற பேக்கேஜ் தொகையில சேரும், இது மாசக்கணக்கா முன்னாடி போடுறது, அதனால பில்லை சேர்த்து வச்சு அப்புறம் வாங்கிக்கலாம்னு நம்பாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஓபியிலயே ஊசி கிடைக்குமான்னு முதல்ல கேளுங்க.

முதல் ஊசி போட்ட அன்னைக்கே பேப்பர் வேலையை ஆரம்பிச்சிடுங்க. நிறைய பேர் மாட்டுறது பிறப்புச் சான்றிதழ்லதான், எடுத்துப் பார்த்தா அப்பா அம்மா பேர் இருக்கும், குழந்தை பேர் இருக்கிற இடம் காலியா இருக்கும். 12 மாசத்துக்குள்ள பேர் பதிஞ்சா கட்டணம் கிடையாது. அதை முடிச்சாத்தான் ரேஷன் கார்டுல குழந்தையை சேர்க்க முடியும், ரேஷன் கார்டுல இல்லாத குழந்தைக்கு காப்பீடு இல்லை. குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள்ளன்னு விஏஓ கையெழுத்து வேணும், அவர் இன்னைக்கு மீட்டிங், நாளைக்கு ஃபீல்டு, அப்படியே வாரம் ஓடிடும், அப்புறம் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையம். இங்க லேட்டாகி ஆபரேஷன் தள்ளிப்போனா ஊசியோட பலன் குறைஞ்சிடும், அந்த நஷ்டம் எந்த ஆபீஸ் ஃபைல்லயும் வராது.

காப்பீட்டு கார்டு இல்லைன்னா அட்மிஷனே இல்லைன்னு அரசு ஆஸ்பத்திரியில யாராவது சொன்னா திரும்பி வந்துடாதீங்க, அங்க கார்டு இல்லாமலும் சிகிச்சை இலவசம்தான், கார்டு கேட்கிறது அவங்க க்ளெயிம் பண்றதுக்கு. தனியார் ஆஸ்பத்திரின்னா காப்பீட்டு லிஸ்ட்ல அதோட பேர் இருந்தா மட்டும் பத்தாது, குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு அனுமதி இருக்கணும், ஆபரேஷனுக்கு முன்னாடியே காப்பீட்டு அப்ரூவல் வந்திருக்கணும். "இப்ப கட்டிடுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்"னு சொன்னா கட்டாதீங்க, அங்கேயே நின்னு முதலமைச்சர் காப்பீட்டு ஹெல்ப்லைன் 1800 425 3993-க்கு போன் போடுங்க.

நடுவுல சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு சுன்னத் பண்ணிடாதீங்க, அந்த முன்தோலை வச்சுத்தான் சர்ஜன் சரி பண்ணுவார். ரெண்டு கட்டமா பண்ணணும்னு சொன்னா ரெண்டாவதுக்கும் தனியா அப்ரூவல் வாங்கணும், டிஸ்சார்ஜ் சம்மரியில அதை எழுதி வாங்கிட்டு கிளம்புங்க.