ரெடிஸின் உரிமம் மாறிய வாரம்: மேகக் கணிமை நிறுவனங்கள் திறமூலத்துக்கு என்ன தருகின்றன?

மாதம் பிறந்ததும், இணையவழி வாடகைக்கு எடுக்கும் சர்வர்களுக்கான மேகக் கணிமை பில்லை வரிவரியாகப் பார்ப்பது எங்கள் குழுவில் என் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரெடிஸ் என்ற வேகமான தரவுத்தளத்துக்கான வரியில் விரல் வைத்து, "ரெடிஸ் இலவச மென்பொருள்தானே அண்ணா, இதற்கு ஏன் இவ்வளவு கட்டுகிறோம்?" என்று கேட்டார். இயந்திரத்துக்கும் பராமரிப்புக்கும் கட்டுகிறோம் என்றேன். நள்ளிரவில் ஒரு சர்வர் விழுந்தால் மாற்று சர்வரை எழுப்புவது, பேக்கப் எடுப்பது, பேட்ச் போடுவது எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும். அது நியாயமான கூலி. உடனே அடுத்த கேள்வி வந்தது: "அப்படியென்றால் ரெடிஸை எழுதியவர்களுக்கு இதில் எவ்வளவு போகிறது?"

அன்று சரியான பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அந்தப் பதிலைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

ரெடிஸையே எடுத்துக்கொள்வோம். 2009-இல் சிசிலியைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ தன் சிறிய நிறுவனத்தின் தேவைக்காக எழுதிய மென்பொருள் அது. நிரலை எல்லாருக்கும் திறந்துவைக்கும் திறமூல உரிமங்களில் ஒன்றான பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவருக்குப் பணம் எதுவும் தர வேண்டியதில்லை. பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. 2013-இல் அமேசான் அதைத் தன் சேவைகளில் ஒன்றாக விற்கத் தொடங்கியது. மற்ற பெரிய நிறுவனங்களும் விற்றன. இதில் திருட்டு எதுவும் இல்லை. உரிமம் வெளிப்படையாக அனுமதித்த செயல்தான்.

ஆனால் ரெடிஸின் பெயரை வைத்திருந்த நிறுவனமும் அதே சேவையை விற்றுத்தான் பிழைத்தது. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஒருவர், அதே நிரலைக் கொண்டு போட்டிக் கடை போடுவது இன்னொருவர் என்றால் உரசல் வராமல் இருக்காது. 2020-இல் சான்ஃபிலிப்போ பராமரிப்பாளர் பொறுப்பிலிருந்து விலகினார். ஐந்து பேர் கொண்ட குழு அந்த இடத்துக்கு வந்தது. மூவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் அலிபாபா, ஒருவர் அமேசான். மேகக் கணிமை நிறுவனங்கள் எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கின்றன என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்தச் செய்தியைக் கவனிப்பதில்லை. அமேசானின் மேடலின் ஓல்சன் போன்றவர்கள் அலுவலக நேரத்திலேயே ரெடிஸுக்கு நிரல் எழுதி, பிறர் அனுப்பியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2024 மார்ச் 20 அன்று, ரெடிஸ் 7.4 பதிப்பிலிருந்து பிஎஸ்டி உரிமம் இல்லை, ரெடிஸைச் சேவையாக விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் புதிய உரிமம்தான் என்று நிறுவனம் அறிவித்தது. ரெடிஸின் மையப்பகுதி என்றும் பிஎஸ்டி உரிமத்திலேயே இருக்கும் என்று முன்பு பொதுவெளியில் வாக்குக் கொடுத்திருந்த நிறுவனம் அது. அந்த வாக்கை நம்பி நிரல் கொடுத்தவர்களின் கோபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் கணக்கெடுப்பு நடந்தது. எந்த சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, வாடிக்கையாளருக்கு நாங்கள் கொடுக்கும் பொருளுக்குள் ரெடிஸ் இருக்கிறதா, புதிய உரிமம் எங்களைத் தொடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சர்வர்களில் சிக்கல் இல்லை. எல்லாம் பழைய பதிப்பு. மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாகக் கட்டும் கன்டெய்னர்களின் அமைப்புக் கோப்புகளில்தான் வந்தது வினை. பல இடங்களில் பதிப்பு எண் குறிப்பிடாமல் 'லேட்டஸ்ட்' என்று எழுதியிருந்தார்கள். 7.4 வெளிவந்ததும், யாரும் முடிவெடுக்காமலேயே, அடுத்த முறை பொட்டலம் கட்டும்போது அது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். உரிமம் மாறியதை ஒரு நிறுவனம் இப்படித்தான் தெரியாமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அன்றே எல்லாக் கோப்புகளிலும் பதிப்பு எண்ணைப் பொறித்தோம். இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் கோப்புகளை ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஓல்சனும் சிலரும் உரிமம் மாறுவதற்கு முந்தைய நிரலை எடுத்துத் தனிக் கிளையாகப் பிரித்தார்கள். பெயர் யோசிக்கக்கூட அவகாசம் இல்லாததால் 'பிளேஸ்ஹோல்டர்கேவி' என்று தற்காலிகமாக ஒன்றை வைத்தார்கள். மார்ச் 28 அன்று, திறமூலத் திட்டங்களுக்கு இடம்கொடுக்கும் லாபநோக்கற்ற அமைப்பான லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை 'வால்கீ' என்ற பெயரில் தன் குடையின் கீழ் கொண்டுவந்தது. அமேசான், கூகுள் கிளவுட், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப் ஆகியவை ஆதரவு தெரிவித்தன. இடையில் எட்டே நாட்கள். அத்தனை வேகம் எப்படி முடிந்தது? அந்த நிரலின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே பல நிறுவனங்களில் சம்பளத்தில் இருந்தார்கள். அந்தச் சம்பளம்தான் மேகக் கணிமை நிறுவனங்கள் தந்த மெய்யான பங்களிப்பு. மாநாட்டுப் பதாகையில் அச்சாகும் நிறுவனச் சின்னத்தை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் மாற்றம் பரபரப்பில்லாமல் முடிந்தது. வால்கீ 7.2-ஐ ஓடிக்கொண்டிருந்த ரெடிஸ் 7.2-இன் நகல் சர்வராக இணைத்தோம். தரவு முழுதும் வந்து சேர்ந்ததும் அதையே முதன்மை சர்வராக்கினோம். செயலிகள் இணையும் அதே 6379 போர்ட் எண், அதே கட்டளைகள். செயலி எழுதும் குழுவுக்கு நாங்கள் சொன்ன பிறகுதான் தெரியும்.

2025 மே மாதம் ரெடிஸ் நிறுவனமும் தன் எட்டாம் பதிப்புக்கு ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பியது. நல்லது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கிளம்பிப்போன பங்களிப்பாளர்கள் திரும்பிவிடவில்லை.

மேகக் கணிமை நிறுவனங்களை இதனால் புனிதர்களாக்கிவிடக் கூடாது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2015-இல் அமேசான் அந்தப் பெயரிலேயே சேவையைத் தொடங்கியது. பெயருரிமை வழக்கு வரை போனது. 2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனம் உரிமத்தை மாற்றி வாசலை அடைத்த பிறகே அமேசான் ஓப்பன்சர்ச் என்ற தனிக் கிளையைத் தொடங்கியது. 2024-இல் அதை லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது. இன்று அது ஆரோக்கியமான திட்டம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் அந்த உழைப்பில் பாதியை 2015-லேயே மூலத் திட்டத்துக்குக் கொடுத்திருந்தால் இந்தப் பிளவு தேவைப்பட்டிருக்காது என்பது என் கருத்து.

கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் வேறு வகை. கூகுள் 2014-இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டே பொது அமைப்பு ஒன்றிடம் கொடுத்தது. 2018-இல் அதன் சோதனை, வெளியீட்டுப் பணிகளுக்காக 90 லட்சம் டாலர் மதிப்புள்ள கிளவுட் வசதியையும் கொடுத்தது. இதை விளம்பரச் செலவு என்று ஒதுக்குபவர்கள், ஒவ்வொரு நிரல் மாற்றத்துக்கும் ஆயிரக்கணக்கான சோதனைகள் ஓட என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கூகுளுக்கு அதில் லாபம் உண்டுதான். லாபம் இருப்பது குற்றமில்லை. அந்த லாபத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் வேலையை யார் பார்ப்பார்கள் என்பதே என் கவலை. அதே குபெர்னெட்டிஸின் 'இன்கிரெஸ் என்ஜின்எக்ஸ்' பகுதி உலகெங்கும் எத்தனையோ தளங்களின் வாசற்கதவு. பல ஆண்டுகளாக அதை ஓரிருவர் தங்கள் சொந்த நேரத்தில் கவனித்துவந்தார்கள். உதவிக்கு ஆள் வரவில்லை. 2026 மார்ச்சுக்குப் பின் பராமரிப்பு கிடையாது என்று 2025 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்இசட் சம்பவம், நிறுவனங்கள் ஆள் கொடுப்பது, கொடுக்காமல் விடுவது என்ற இந்த இரண்டு முகத்தையும் ஒருசேரக் காட்டியது. மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்காக வேலை செய்யும் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், தன் சோதனைக் கணினியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடி! நம்மில் பலர் 'நெட்வொர்க் மந்தம்' என்று கடந்திருப்போம். அவர் தோண்டிப் பார்த்தார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு, ரகசியமாக உள்ளே நுழையப் பின்வாசல் வைத்திருந்தது தெரிந்தது. ஒரு பெரிய நிறுவனம் திறமூலத்தில் முழுநேரம் உழைக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்ததன் பலன் அது. அந்த மென்பொருளைப் பராமரித்த லாசே காலின் கதை மறுபுறம் நிற்கிறது. ஊதியமே இல்லாமல், கிட்டத்தட்டத் தனியாளாக ஆண்டுக்கணக்கில் சுமந்தவர். அவருடைய களைப்பைப் பயன்படுத்தித்தான் அந்த ஆசாமி, உதவ வந்தவர் போல நம்பிக்கை பெற்று உள்ளே நுழைந்தார். உலகின் ஏறக்குறைய அத்தனை லினக்ஸ் சர்வர்களிலும் இருக்கும் நிரலுக்கு ஒரு நிறுவனமும் ஆள் கொடுத்திருக்கவில்லை.

நம்மைப் போன்ற சிறிய நிறுவனங்களும் இதில் தப்ப முடியாது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், திறமூல மென்பொருள் ஒன்றில், எடுத்த நினைவகத்தைத் திருப்பி விடாத பிழையை (நினைவகக் கசிவு) கண்டுபிடித்துச் சரிசெய்தோம். அதை மூலத் திட்டத்துக்கு அனுப்ப அனுமதி கேட்டேன். இரண்டு ஆண்டுகள் கோப்பு நகரவே இல்லை. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் எங்கள் திருத்தத்தை மறுபடி ஒட்டவேண்டியிருந்தது. ஒரு முறை ஒட்ட மறந்தார்கள். பண்டிகை நாள் இரவில் சேவை விழுந்தது. அனுப்பியிருந்தால் அந்தத் திருத்தம் எல்லாருக்கும் போயிருக்கும், எங்களுக்கும் தொல்லை விட்டிருக்கும்.

இப்போதெல்லாம் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் உரிமக் கோப்போடு, நிரலை யார் எப்போது மாற்றினார்கள் என்று பதியும் அதன் கிட் வரலாற்றையும் திறக்கிறேன். கடந்த ஓராண்டில் நிரல் கொடுத்தவர்களின் மின்னஞ்சலில் '@' குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். ஏறக்குறைய எல்லாம் ஒரே நிறுவனத்தின் பெயர் என்றால், அந்த நிறுவனம் மனம் மாறும் நாளுக்கு ஒரு மாற்று வழியையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். பெயருரிமை யார் கையில் என்பதையும் பார்க்கிறேன். வால்கீயின் தொழில்நுட்பக் குழு அமைந்தபோது அமேசான், கூகுள், அலிபாபா, டென்சென்ட், எரிக்சன் ஆகியவற்றின் பொறியாளர்கள் அதில் இருந்தார்கள். ஒருவர் கைவிட்டாலும் மற்றவர் தாங்குவார்கள் என்ற நம்பிக்கை அதனால் வருகிறது.

அன்று கேள்வி கேட்ட இளைஞர் சென்ற ஆண்டு வால்கீயின் ஆவணத்தில் ஒரு பிழையைக் கண்டு திருத்தம் அனுப்பினார். 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று உறுதிசொல்லும் கையொப்ப வரி விடுபட்டிருக்கிறது, சேர்த்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. சேர்த்தார், ஏற்றுக்கொண்டார்கள். இப்போது வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டு மணி நேரம், அலுவலக நேரத்திலேயே, அவர் அந்த வேலையைப் பார்க்கிறார். அதற்கான அனுமதிக் கடிதத்தை இந்த முறை நானே எழுதிக் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்.