நேரத்தை அளப்பது பற்சக்கரமா, மின்தேக்கியா?

ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்க எண்ணுபவர் விரைவிலேயே ஒரு கேள்வியின் முன் வந்து நிற்பார்: முழுக்க இயந்திர விசையால் இயங்கும் கேமராவைத் தேர்வதா, மின்னணுச் சுற்று கட்டுப்படுத்தும் கேமராவைத் தேர்வதா? இயந்திரக் கேமரா காலத்துக்கும் உழைக்கும், மின்னணுக் கேமரா ஒருநாள் கைவிட்டுவிடும் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இவ்விரண்டு வகைகளுக்கும் இடையே மாறும் உறுப்பு எது, மாறாத உறுப்பு எது என்று பிரித்தறியாமல் அந்த விடையை ஏற்பவர், தமக்குத் தேவையில்லாத ஒன்றுக்காகத் தேவையான ஒன்றை இழக்கக்கூடும்.

மாறாத உறுப்பிலிருந்து தொடங்கலாம். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது தொலைவை முக்கோண முறையில் அளக்கும் ஓர் ஒளியியல் அமைப்பு. கேமராவின் முகப்பில் சற்று இடைவெளி விட்டு அமைந்த இரண்டு சாளரங்கள் ஒரே பொருளை இரு கோணங்களில் பார்க்கின்றன. ஒன்றின் பிம்பம் கண்ணாடி அல்லது முப்பட்டகத்தின் வழியே திருப்பப்பட்டு, கண் வைத்துக் காட்சியைப் பார்க்கும் வியூஃபைண்டரின் நடுவில் மற்றதன் மேல் விழுகிறது. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது அதன் பின்பகுதி உள்ளே இருக்கும் நெம்புகோல் ஒன்றைத் தள்ளுகிறது. நெம்புகோல் அந்த ஒளியியல் உறுப்பை மிகச் சிறிய அளவு அசைக்கிறது. இரண்டு பிம்பங்களும் ஒன்றாகப் பொருந்தும்போது லென்ஸ் சரியான தொலைவில் நிற்கிறது. இதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. 1990களில் வந்த காண்டாக்ஸ் ஜி1, ஜி2 போன்று தானாக ஃபோகஸ் செய்யும் சில விதிவிலக்குகளை ஒதுக்கினால், மின்னணு ரேஞ்ச்ஃபைண்டர் என்று அழைக்கப்படும் கேமராக்களிலும் இந்தப் பகுதி இயந்திர முறையில்தான் இயங்குகிறது.

அதன் துல்லியத்தைத் தீர்மானிப்பது இரு சாளரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கிக் கிடைக்கும் பயனுறு அடித்தளம். 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கேமராவில் அது ஏறத்தாழ 62 மி.மீ.; வோய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர்3ஏ, ஆர்3எம் இரண்டிலும் 37 மி.மீ. மட்டுமே. அகன்ற அபர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) கொண்ட 75 அல்லது 90 மி.மீ. லென்ஸை முழுதாகத் திறந்து படமெடுக்க விரும்புபவருக்கு, ஷட்டரை இயக்குவது எது என்பதைவிட இந்த எண்ணே முதன்மையானது.

மாறும் உறுப்பு ஷட்டர்; இன்னும் சரியாகச் சொன்னால், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அளக்கும் பகுதி. லென்ஸைக் கழற்றக்கூடிய பெரும்பாலான கேமராக்களில் ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை விலகி ஒளியை உள்ளே விடுகிறது. குறித்த நேரம் கழிந்ததும் இரண்டாம் திரை அதைத் தொடர்ந்து வந்து மூடுகிறது. குறுக்காக ஓடும் துணித்திரை ஒன்று 36 மி.மீ. அகலமுள்ள படச் சட்டத்தை 18 மில்லி விநாடியில் கடப்பதாக வைத்துக்கொண்டால், அது ஒரு மில்லி விநாடிக்கு 2 மி.மீ. நகர்கிறது. ஆகவே 1/1000 விநாடிக்குச் சட்டம் முழுவதும் ஒரே வேளையில் திறப்பதே இல்லை. இரு திரைகளுக்கும் நடுவே 2 மி.மீ. அகலமுள்ள பிளவு ஒன்று ஃபிலிமின் மேல் ஓடி முடிக்கிறது. இரண்டாம் திரை சற்று வேகமாக ஓடி, மறுமுனையை அடையும்போது பிளவு 1 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டால் படத்தின் ஒரு விளிம்புக்கு மற்றதைவிட ஒரு ஸ்டாப் குறைவான ஒளியே, அதாவது பாதி ஒளியே, கிடைக்கும். வானம் ஒரு பக்கம் காரணமின்றி இருண்டிருக்கும் பழைய படங்கள் பலவற்றின் பின்னணி இதுதான்.

இயந்திர ஷட்டரில் இந்தப் பிளவைச் சுழலும் அச்சுகளும் கொக்கிகளும் தீர்மானிக்கின்றன. மெதுவான வேகங்களுக்கு அவை போதா என்பதால், கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற பற்சக்கர வரிசை ஒன்று இரண்டாம் திரையைத் தாமதப்படுத்துகிறது. ஒரு விநாடியில் வைத்து அழுத்தும்போது கேட்கும் கரகரப்பு அந்தச் சக்கரங்களின் ஒலியே. விசை முழுவதும் ஃபிலிமை நகர்த்தும் கைப்பிடியைத் தள்ளும் பெருவிரலிலிருந்து வந்து சுருள்வில்லில் சேமிக்கப்படுகிறது.

மின்னணு ஷட்டரிலும் திரைகளை ஓட்டுவது சுருள்வில்தான் என்பது பலர் கவனிக்காத செய்தி. அங்கே இரண்டாம் திரையை ஒரு மின்காந்தம் பிடித்து வைத்திருக்கிறது. முதல் திரை ஓடத் தொடங்கும் கணத்தில் ஒரு மின்தேக்கி மின்தடை வழியே மின்னேற்றம் பெறத் தொடங்குகிறது. அதன் மின்னழுத்தம் குறித்த எல்லையைத் தொட்டதும் டிரான்சிஸ்டர் மின்காந்தத்துக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்க, திரை விடுபடுகிறது. ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் பத்தாயிரம் ஓம் மின்தடையும் சேர்ந்தால் அந்தக் கால அளவு ஏறத்தாழ 1/100 விநாடியாகும். இந்த மின்தடைக்குப் பதிலாக ஒளி பட்டால் தடை குறையும் காட்மியம் சல்ஃபைடு ஒளியுணரியை வைத்தால், வெளிச்சம் கூடும்போது ஷட்டர் தானாகவே விரைவாக மூடும். ஒளிமானியும் கடிகாரமும் ஒரே சுற்றாக இணைந்த இந்த எளிமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 இந்தப் பாதையில்தான் பெரும் வெற்றி கண்டது: அபர்ச்சரை நாம் வைத்தால் போதும், 30 விநாடியிலிருந்து 1/500 வரை எந்த இடைப்பட்ட நேரத்தையும் கேமராவே தேர்ந்துகொள்ளும். பற்சக்கரத்தால் 1/60, 1/125 என்ற படிகளில்தான் நிற்க முடியும். மின்தேக்கிக்கு 1/83 விநாடியும் ஒன்றுதான்.

இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட வாய்ப்பளித்தது கோசினா நிறுவனம். 2004இல் அது வோய்க்லாண்டர் பெயரில் வெளியிட்ட பெஸ்ஸா ஆர்2ஏ, ஆர்3ஏ மின்னணு ஷட்டர் கொண்டவை; 2006இல் வெளிவந்த ஆர்2எம், ஆர்3எம் ஏறத்தாழ அதே உடலில் இயந்திர ஷட்டர் கொண்டவை. நால்வகையிலும் உச்ச வேகம் 1/2000. ஆனால் முன்னவற்றில் பேட்டரி இல்லையெனில் ஷட்டர் திறக்காது. பின்னவற்றில் ஒளிமானி மட்டுமே அணையும்.

என் பார்வையில் உண்மையான வேறுபாடு, ஒவ்வொன்றும் பழுதாகும் விதத்தில் இருக்கிறது. இயந்திர ஷட்டர் சிறிது சிறிதாகத் தவறும். எண்ணெய் கெட்டிப்பட்டு, வில் தளர்ந்து, 1/1000 என்று பொறித்த இடத்தில் 1/600 விநாடி திறந்திருக்கும். ஒலியில் மாற்றம் தெரியாது, கேமரா நலமாக இருப்பதாகவே தோன்றும். அந்தத் தவறு முக்கால் ஸ்டாப். வண்ண நெகட்டிவ் ஃபிலிம் அதை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். அரை ஸ்டாப் பிழையையும் காட்டிக்கொடுக்கும் ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. மின்னணு ஷட்டரின் நேர அளவு பெரும்பாலும் பல ஆண்டுகள் நிலையாக இருக்கும், பிறகு ஒருநாள் மொத்தமாக நின்றுவிடும். முதல் வகைப் பழுதைத் திறமையான ஒரு கைவினைஞர் சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, வில்லின் இறுக்கத்தைச் சரிசெய்து தீர்த்துவிடுவார். தேவைப்பட்டால் பற்சக்கரத்தையே புதிதாகக் கடைந்தெடுக்கலாம். அந்தக் கேமராவுக்கென்றே வடிவமைத்த ஒருங்கிணைந்த சுற்றை யாரும் கடைந்தெடுக்க முடியாது. அதே வகையில் கெட்டுப்போன இன்னொரு கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் வந்த மினோல்டா சிஎல்இ, ஃபிலிமின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து நேரத்தை முடிவு செய்த அருமையான கேமரா. இன்று அதை வாங்குபவர் இந்த இடரை அறிந்தே வாங்க வேண்டும்.

பேட்டரி பற்றிய அச்சம் ஓரளவு மிகைப்படுத்தப்பட்டது. புதிய தலைமுறை மின்னணுக் கேமராக்களின் பேட்டரிகள் சிறியவை, பையில் ஒரு மாற்று வைத்துக்கொள்வது கடினமன்று. கடுங்குளிரில் பேட்டரி சோர்வது உண்மை, ஆனால் அதே குளிரில் பழைய எண்ணெயும் இறுகி இயந்திர ஷட்டரை மெதுவாக்கும். 1960கள், 70களின் கேமராக்களில்தான் சிக்கல் வேறு வகையானது: அவற்றில் பல 1.35 வோல்ட் அளவில் நிலையாக நின்ற பாதரச பேட்டரிக்காக அமைந்தவை, அந்தப் பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் ஒளிமானி தவறான அளவைக் காட்டக்கூடும், 1.4 வோல்ட் துத்தநாக-காற்று பேட்டரி அதற்கு நெருங்கிய மாற்று. கேனானெட் ஜிஐஐஐ கியூஎல்17 போன்ற கேமராவில் பேட்டரி இல்லாமலே எல்லா ஷட்டர் வேகங்களையும் கையால் வைத்துப் பயன்படுத்தலாம். எலெக்ட்ரோ 35இல் மின்சாரம் இல்லாவிட்டால் 1/500 மட்டுமே எஞ்சும்.

இரண்டுக்கும் நடுவே நிற்பவையும் உண்டு. 1984இல் வந்த லைக்கா எம்6, ஒளிமானியை மட்டும் பேட்டரியிடம் விட்டுவிட்டு ஷட்டரை இயந்திரத்திடமே வைத்தது. 2002இன் எம்7, மின்னணு ஷட்டரோடு 1/60, 1/125 ஆகிய இரு வேகங்களை பேட்டரியின்றியும் இயங்கும்படி தக்கவைத்தது. பகல் வெளிச்சத்தில் எடுத்துவந்த ஃபிலிமை முடித்துவிட அவை போதும்.

வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் இடத்தில் நகரும் மனிதர்களைப் படமெடுப்பவருக்கு, குறிப்பாக ஸ்லைடு ஃபிலிம் பயன்படுத்துபவருக்கு, மின்னணு ஷட்டரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தவறான ஒளியளவில் எடுத்த ஒரு நல்ல கணத்தை எந்தச் சுருள்வில்லின் நீண்ட ஆயுளும் மீட்டுத் தராது. அவர் கற்றுக்கொள்ள வேண்டியது அளவைப் பூட்டும் பொத்தானின் பயன்பாடு. பின்னொளியில் நிற்கும் முகத்தைக் கேமரா தானாகப் புரிந்துகொள்ளாது. அருகிலுள்ள நடுத்தரச் சாம்பல் நிறப் பரப்பை அளந்து, அந்த அளவைப் பூட்டி, பிறகு சட்டத்தை அமைக்க வேண்டும். ஒரே கேமராவைப் பல பத்தாண்டுகள் வைத்திருக்க விரும்புபவரும், ஒளியைக் கண்ணால் மதிப்பிடப் பழகியவரும், இரவில் பல நிமிடங்கள் ஷட்டரைத் திறந்து வைப்பவரும் இயந்திரக் கேமராவை எடுப்பதே நல்லது. திறந்த ஷட்டரைப் பிடித்து வைக்க அதற்கு மின்சாரம் செலவாவதில்லை.

எதை வாங்கினாலும் வாங்குமுன் சில நிமிடங்கள் சோதிக்க வேண்டும். லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராவானால் அதைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, சீரான வெளிச்சமுள்ள சுவரை நோக்கி உச்ச வேகத்தில் பலமுறை அழுத்திப் பின்பக்கமிருந்து பார்த்தால், சட்டத்தின் இரு விளிம்புகளும் ஒரே அளவு ஒளிர்கின்றனவா என்பது ஓரளவு தெரியும். மெதுவான வேகங்களின் ஒலியைக் கைப்பேசியில் பதிந்து, திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அலைவடிவத்தில் அளக்கலாம். இயந்திரக் கேமராவில் ஒரு விநாடி ஒன்றேகாலாக நீண்டிருந்தால் எண்ணெய் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். மின்னணுக் கேமராவைத் தானியங்கு நிலையில் வைத்து, விளக்கை நோக்கி ஒருமுறையும் லென்ஸைக் கையால் மறைத்து ஒருமுறையும் அழுத்தினால், நேரம் தெளிவாக மாற வேண்டும். பேட்டரி அறையின் தகடுகளில் பச்சை அல்லது வெள்ளை உப்பு படிந்திருந்தால், கசிவு கம்பிகளின் வழியே உள்ளே சென்றிருக்க வாய்ப்புண்டு. அத்தகைய கேமராவை, சோதனையின்போது சரியாக இயங்கினாலும், வாங்காமல் விடுவதே நல்லது.