எஃகு வேடமிட்ட செம்பு

மிலான் நகரத்துக் கொல்லர் பிலிப்போ நெக்ரோலி 1543இல் செய்த தலைக்கவசம் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உச்சியில் ஒரு கடற்கன்னி. அவள் பிடியில், கிரேக்கப் புராண அரக்கி மெதூசாவின் தலைமயிர். மண்டையை மூடும் பகுதி முழுவதும் ஒரே எஃகுத் தகடு. அதில் உருவங்களைத் தட்டித் தட்டியே எழுப்ப வேண்டும். அடிபட அடிபட எஃகு இறுகும். அவ்வப்போது காய்ச்சி இளக்காவிட்டால் விரிசல் விடும்.

இத்தகைய கவசங்கள் மீது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குத் தீராத மோகம். அதற்குத் தீனி போட்டவற்றுள் ஒன்று, 1838இல் மோரிட்ஸ் யாகோபி வெளியிட்ட மின்படிவு முறை: மின்சாரத்தால் செம்பைப் படியவைத்து நகல் எடுப்பது. பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் அதைப் பெருந்தொழிலாகவே ஆக்கியது.

அசலின் மேல் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலை இளக்கி அழுத்தினால் அச்சு கிடைக்கும். அச்சில் மின்சாரம் பாயாது. எனவே உட்புறம் கிராஃபைட் தூளைத் தேய்ப்பார்கள். பிறகு மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இறக்கி, மின்கலத்தின் எதிர்மின்முனையோடு இணைப்பார்கள். கரைசலில் உள்ள செம்பு அயனிகள் அங்கே எலக்ட்ரானைப் பெற்று, உலோகமாகப் படியும். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 1.19 கிராம் செம்பு. தகடு தடிக்க நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். துண்டு துண்டாக எடுத்து, பற்றவைத்து, வெள்ளி முலாம் பூசிக் கறுக்கவைத்தால் பழைய எஃகின் சாயல் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், நெக்ரோலியின் அசலே வெண்கலம்போல் தோன்றும்படி நிறமேற்றப்பட்ட எஃகு!

அச்சை ஒட்டிய முகத்தில் மயிரிழைக் கோடும் தப்பாது. குட்டு வெளிப்படுவது உள்ளே. மின்னோட்டம் மேடுகளையே நாடுவதால், செம்பின் பின்புறம் பருப்பருவாக வளர்ந்திருக்கும். சுத்தியல் தடம் இருக்காது. உருவத்தின் மூக்கு நுனி அச்சில் ஆழமான குழி. அங்கே மின்னோட்டம் குறைவு, செம்பும் மெல்லிசு. அசலிலும் மூக்கு மெல்லிசுதான். ஆனால் அங்கே காரணம், எஃகு இழுபட்டது. என் கண்ணுக்கு இந்த உட்புறம்தான் முன்பக்கத்தைவிடச் சுவையானது.

அசலா நகலா என்று சோதிக்கக் காந்தம் போதும்: செம்பில் ஒட்டாது. ஆனால் மியூனிக்கின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் பட்டறை எஃகிலேயே நகல்கள் செய்தது. அங்கே காந்தம் கைகொடுக்காது. உலோகத்தையே ஆராய வேண்டும். பழைய உலை எஃகில் கசடு இழைகள் ஓடும். உருளைகளில் நசுக்கிய ஆலைத் தகடோ சீரான தடிப்பில், பெரும்பாலும் கசடின்றி இருக்கும்.