லூப்: முடிவே இல்லாமல் ஓடும் நாடாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

'லூப்' என்ற சொல் நம்மிடையே பல வேலை பார்க்கிறது. ரயில்வேக்காரர்களுக்கு அது பிரதான பாதையிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் தண்டவாளம். நிரல் எழுதுவோருக்குக் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றும் அமைப்பு. பாட்டுப் பிரியர்களுக்கு "ரெண்டு நாளா லூப்ல ஓடுது". இத்தனைக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடினால் எதிலும் சரியாகப் பொருந்தாத ஒன்றுதான் கையில் மிஞ்சும். அதனால் இங்கே ஒலிப்பதிவுத் துறையின் 'டேப் லூப்'பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் துறையில்தான் லூப் என்பது கையால் தொடக்கூடிய ஒரு பொருளாக இருந்தது.

ஆங்கிலத்தில் இச்சொல் 14ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. துணியையோ கயிற்றையோ தோல்வாரையோ மடித்து வளைத்துப் போட்ட வளைவு என்பது பழைய பொருள். பொத்தான் நுழையும் நூல்வளைவும் அதுதான். அதற்கும் முன்னே எங்கிருந்து வந்தது என்பதில் சொற்பிறப்பு அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. வளைவைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல் ஒன்றோடு உறவிருக்கலாம் என்பது ஒரு கருத்து. எப்படியானாலும் திரும்ப நிகழ்வது என்ற பொருள் பிற்காலத்தது. முதலில் இருந்தது வடிவம்தான்.

ஒலிப்பதிவில் இந்த எண்ணம் நாடாவுக்கு முன்பே வந்துவிட்டது. 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷெஃபர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், இசைத்தட்டின் வரிப்பள்ளத்தை வட்டமாக மூடி, ஊசி அதே இடத்தில் சுற்றும்படி செய்தார். காந்த நாடா வந்ததும் வேலை எளிதானது. நாடாவில் ஒரு துண்டை வெட்டி இரு முனைகளையும் ஒட்டிவிட்டால் போதும். 1966இல் பீட்டில்ஸ் குழு 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு இப்படிப்பட்ட வளையங்களைப் பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டது. அங்கே அவை விசித்திர ஒலிகளாகப் பாட்டின் குறுக்கே வந்து போயின. ஒரு முழுப் பாட்டையும் அவற்றின் மேலேயே நிற்க வைத்தது 10சிசி என்ற பிரிட்டிஷ் இசைக்குழு.

டென் சிசி என்று வாசிக்க வேண்டும். எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கோல்ட்மேன், கெவின் காட்லி, லோல் க்ரீம் ஆகிய நால்வர். மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட் நகரில் ஸ்டூவர்ட்டுக்குப் பங்கு இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டுடியோதான் இவர்களின் வீடு. வாடகைக்கு நேரம் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்யும் நிலை இவர்களுக்கு இல்லை. இவர்களின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வசதி தீர்மானித்தது என்றே சொல்வேன். இவர்களில் மூவர் 1970இல் ஹாட்லெக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டு வெற்றிபெற்ற 'நியாண்டர்தால் மேன்' பாட்டுகூட, புதிதாக வந்த நான்கு தடப் பதிவுக் கருவியில் (நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதிந்து சேர்ப்பது) முரசொலியைச் சோதித்துப் பார்த்தபோது பிறந்ததுதான். 1972இல் 10சிசி என்ற பெயர் வந்தது. அதே ஆண்டு 'டோனா' பிரிட்டன் பட்டியலில் 2ஆம் இடம், அடுத்த ஆண்டு 'ரப்பர் புல்லட்ஸ்' முதலிடம். 1974இல் 'ஷீட் மியூசிக்', 1975இல் 'தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்'. நாம் தேடிவந்த பாட்டு இந்தக் கடைசி ஆல்பத்தில் இருக்கிறது: 'ஐம் நாட் இன் லவ்'.

ஸ்டூவர்ட் அதை முதலில் போசா நோவா என்ற பிரேசில் தாளத்தில் எழுதினார். பதிவும் செய்து பார்த்தார்கள். பிடிக்கவில்லை, கைவிட்டார்கள். ஆனால் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் மறுபடி எடுத்தார்கள். கருவிகளை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் மனிதக் குரலால் செய்வோம் என்றார் காட்லி. மூச்சு முட்டாமல் ஒரே சுரத்தை நிமிடக்கணக்கில் யார் பிடித்து நிற்பது? டேப் லூப் போடலாம் என்றார் க்ரீம்.

அந்தக் காலத்தில் மெல்லோட்ரான் என்ற விசைக்கருவி இருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடாத் துண்டு, அதில் குரலோ வயலினோ பதிந்திருக்கும். ஆனால் சுமார் எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும், கையை எடுத்தாக வேண்டும். வளையத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

காட்லி, க்ரீம், கோல்ட்மேன் மூவரும் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று ஒரே சுரத்தில் 'ஆ' என்று பாடினார்கள். 16 தடங்களிலும் அதே சுரம். மூவரும் 16 முறை என்றால் ஒரு சுரத்துக்கு 48 குரல். பிறகு அடுத்த அரைச்சுரம், அதற்கடுத்தது. ஒரு ஸ்தாயி முழுக்க 13 சுரங்கள், மொத்தம் 624 குரல் என்று ஸ்டூவர்ட் பின்னாளில் கணக்குச் சொன்னார். இந்தக் குரல் வேலைக்கே சுமார் மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு சுரத்தையும் வளையமாக்கும்போது ஒட்டுப்போட்ட இடம் 'டிக்' என்று கேட்கும். வளையம் நீளமாக இருந்தால் ஒட்டு அடிக்கடி வராது. ஆகவே ஏறத்தாழ 12 அடி நீளத்துக்கு நாடாவை வெட்டினார்கள். அவ்வளவு நீளம் இயந்திரத்துக்குள் அடங்காது. எட்டத்தில் ஒரு மைக் ஸ்டாண்டை நிறுத்தி, அதில் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தி, நாடா இயந்திரத்திலிருந்து புறப்பட்டு அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்படி செய்தார்கள். அறையின் குறுக்கே விறைப்பாக நின்று ஓடிக்கொண்டிருந்த அந்தப் பழுப்பு நாடாதான் லூப்.

வளையங்களின் ஒலியைத் தடத்துக்கு ஒரு சுரமாக மறுபடி பதிந்தார்கள். நால்வரும் மிக்ஸிங் மேசையில் கைவைத்து, பாட்டின் சுரக்கூட்டு மாறும் இடங்களில் அந்தந்தச் சுரத்தின் ஃபேடரை, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, மட்டும் ஏற்றி இறக்கினார்கள். எந்த ஃபேடரும் முழுவதும் அணைந்துவிடாதபடி கீழே பசைநாடா ஒட்டித் தடுத்திருந்தார்கள். அதனால் எல்லாச் சுரங்களும் பாட்டு நெடுக மெலிதாக மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றன. காதலிக்கவில்லை என்று அடித்துச் சொல்லும் ஒருவனின் குரலுக்குப் பின்னால், நிற்கவே நிற்காத அந்த 'ஆ'. அவன் சொல்வதை நம்பாதே என்று நமக்குச் சொல்வது அதுதான். ஆறு நிமிடப் பாட்டு, 1975 ஜூனில் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 2ஆம் இடம்.

முடிவில்லாத ஒலி மீது இவர்களுக்கு இருந்த ஆசை இதோடு தீரவில்லை. கிதார் தந்திகளைச் சிறு மோட்டார் சக்கரங்கள் உரசி, வயலின் போல நீட்டி ஒலிக்கச் செய்யும் கிஸ்மோ என்ற கருவியில் காட்லியும் க்ரீமும் மூழ்கினார்கள். 1976இல் 'ஹவ் டேர் யூ!' ஆல்பத்துக்குப் பிறகு அதற்காகவே பிரிந்தும் போனார்கள். அவர்கள் 1977இல் வெளியிட்ட மூன்று தட்டு ஆல்பமான 'கான்சீக்வென்சஸ்' விற்கவில்லை. மற்ற இருவரும் 'தி திங்ஸ் வீ டூ ஃபார் லவ்', 1978இல் முதலிடம் பிடித்த 'டிரெட்லாக் ஹாலிடே' என்று வெற்றி கண்டு, 1983இல் நிறுத்திக்கொண்டார்கள். 1992இலும் 1995இலும் அதே பெயரில் இரண்டு ஆல்பங்கள் வந்தன. நல்ல பாட்டுகள் பிறகும் உண்டு. ஆனால் ஸ்டுடியோவையே வாத்தியமாக்கும் துணிச்சல் நால்வரும் சேர்ந்திருந்தபோது மட்டுமே இருந்தது என்பது என் எண்ணம்.

இனி தமிழ்ச்சொல். கணினிப் பாடநூல்கள் லூப்பை 'மடக்கு' என்கின்றன. நிரலுக்கு அது பொருந்தும். யாப்பு, அணி படித்தவர்களுக்கு மடக்கு என்றால் ஒரே சொல் திரும்ப வந்து வேறு பொருள் தருவது; அங்கே திரும்புதல்தான் கரு. நாடாவுக்கு அது போதாது. 'வளையம்' என்று பொதுவாகச் சொல்லலாம், நானும் மேலே அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் வளையல் போல விறைத்த ஒன்றையும் அது குறிக்கும்.

எனக்குச் சரியாகப் படுவது 'கண்ணி'. கண் என்றால் துளை, வலைக்கண் என்கிறோம். கயிற்றை வளைத்துத் துளை உண்டாகும்படி முடிந்தால் அது கண்ணி. பறவைக்கு வைப்பது கண்ணி, மாட்டின் கழுத்தில் பூட்டுவது கண்ணிக்கயிறு. தலையில் வளைத்துச் சூடும் பூமாலையும் கண்ணிதான்: புறநானூற்றின் கடவுள் வாழ்த்து "கண்ணி கார்நறுங் கொன்றை" என்றே தொடங்குகிறது. நெகிழ்வது, வளைவது, முனையும் முனையும் சேர்வது என மூன்றும் இதில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் இதுவேதான்.

இசைக்கும் இச்சொல் அந்நியமில்லை. தாயுமானவரின் பராபரக்கண்ணியில் இரண்டிரண்டு அடியாக நூற்றுக்கணக்கான கண்ணிகள் புதிது புதிதாக வந்து, ஒவ்வொன்றும் 'பராபரமே' என்ற இடத்தில் போய்ச் சேர்கிறது. அடியில் மாறாத ஒன்று, மேலே மாறிக்கொண்டிருக்கும் ஒன்று. ஃபேடர்களை வைத்து அந்த நால்வர் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு தயக்கம் உண்டு. கண்ணிவெடி என்ற சொல்லால் ஈழத்து வாசகர்களுக்கு இது வேறு நினைவைக் கொண்டுவரும். தனிச்சொல்லாக விடாமல் 'ஒலிநாடாக் கண்ணி' என்றோ, சுருக்கமாக 'நாடாக்கண்ணி' என்றோ சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் நேராது. நாடா வடக்கிலிருந்து வந்த சொல்லே. ஆனாலும் பாவாடை நாடா முதல் ஒலிநாடா வரை நம்மோடு கலந்துவிட்டது, அதை விலக்க வேண்டியதில்லை. இன்றைய இசை மென்பொருள்களில் கிடைக்கும் ஆயத்தத் தாளத் துண்டுகளை 'தாளக்கண்ணி' எனலாம். லூப் லைனை ரயில்வேக்காரர்களிடமே விட்டுவிடலாம். பாட்டை லூப்பில் கேட்பதற்கோ புதுச்சொல்லே வேண்டாம். "திரும்பத் திரும்பக் கேட்கிறேன்" என்பதே போதும்.